வீட்டைப் பார்க்கும் முன் வழியைப் பாருங்கள்

கடந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரங்களில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். மருதானையில் பதினொரு வருடங்களாக நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு அது. வெளிநாட்டிலிருந்து தன் மகன் குடும்பத்தோடு திரும்பி வருவதாகவும் ஆறு மாதங்களுக்குள் வீட்டைத் தரவேண்டும் என்றும் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் எல்லோரிடமும் ஒவ்வொரு கேள்வி இருந்தது. கொழும்புக்கு வெளியே சிறு காணித்துண்டாவது வாங்கிவிட வேண்டும் என்று பல வருடங்களாகப் பணம் சேர்த்துவரும் வாப்பா, "இப்ப பேர்ச் என்ன விலை போகுது?" என்றார். உம்மா, "பக்கத்துல பள்ளி ஈக்கணும்" என்றார். உம்மும்மா கேட்டது, "தண்ணி வருமா?" என்பது. நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு தனி அறை கிடைக்குமா என்று மனதுக்குள் மட்டும் நினைத்துக்கொண்டேன். ஐந்து பேருக்கு இரண்டு அறைகள் இருந்த வீட்டில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தவள் நான்.

அதன் பின் நான்கு மாதங்கள் ஊர் ஊராக அலைந்தோம். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டவற்றை, வீடு மாறும் யோசனையில் இருக்கும் பெற்றோருக்கும் அந்த வீட்டிலிருந்து தினமும் இங்கே வரப்போகும் தோழிகளுக்கும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கொழும்பைச் சுற்றியுள்ள ஊர்கள்

கொழும்பின் புறநகர்கள் பெரும்பாலும் அதன் பிரதான வீதிகளை ஒட்டியே வளர்ந்திருக்கின்றன. தெற்கே காலி வீதியில் தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை என்று வரிசையாக ஊர்கள். இங்கே கரையோரப் புகையிரதப் பாதையும் உண்டு. 100, 101 ஆம் இலக்க பஸ்களும் உண்டு. தென்கிழக்கே ஹைலெவல் வீதியில் நுகேகொடை, மஹரகம, கொட்டாவை. அங்கே 138 ஆம் இலக்க பஸ்ஸும் களனிவெளிப் புகையிரதமும் ஓடுகின்றன. கிழக்கே ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே, கடுவெல. இந்தப் பக்கம் புகையிரதம் இல்லை. 177 ஆம் இலக்க பஸ்தான் துணை. வடகிழக்கே கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நகருக்கு மிக அருகில், களனி கங்கையை அண்டிய தாழ்நிலத்தில் இருக்கின்றன. வடக்கே கங்கையைத் தாண்டினால் வத்தளை, மாபோளை, ஜா-எல. 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து நகருக்கு வரும் எல்லோரும் ஏதாவதொரு பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும்.

இவற்றில் எது நல்ல ஊர் என்று கேட்டால் ஒரே பதில் இல்லை. யாருக்கு நல்ல ஊர் என்று கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

தண்ணி வருமா?

முதலில் வெல்லம்பிட்டியில் ஒரு வீடு பார்த்தோம். மூன்று அறைகள், புதிதாக வர்ணம் பூசிய சுவர்கள், நடந்துபோகும் தூரத்தில் பள்ளிவாசல். விலையும் வாப்பாவின் கைக்கு எட்டுவதுபோல் இருந்தது. உம்மும்மா தரகரிடம் தன் கேள்வியைக் கேட்டார். "இருபத்து நாலு மணித்தியாலமும் வரும் உம்மா" என்றார் அவர். "நான் கேட்டது பைப் தண்ணி இல்ல மகன், ஆத்துத் தண்ணி" என்றார் உம்மும்மா. தரகர் சிரித்து மழுப்பிவிட்டார்.

பதில் பக்கத்து வீட்டில் கிடைத்தது. தேநீர் தந்து உட்காரவைத்த மாமி, 2016 மே மாத வெள்ளத்தில் தண்ணீர் நின்ற இடத்தைத் தன் வீட்டுச் சுவரில் தொட்டுக் காட்டினார். அது என் தோளுக்கு மேலே இருந்தது. அவர் வீட்டில் மின்செருகிகள் எல்லாம் உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டி சீமெந்துத் திண்ணையின் மேல் நின்றது. நாங்கள் பார்க்க வந்த வீட்டின் செருகிகளும் அப்படியே உயரத்தில்தான் இருந்தன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புது வர்ணம் சுவரின் அடையாளத்தை மறைத்துவிட்டது. செருகிகளை மறைக்க முடியவில்லை.

இது அந்த ஊர் மக்களின் குறையன்று. கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் மழைநீரைத் தாங்கி மெதுவாக வடியவிடும் இயல்பான தொட்டிகள். அவற்றின் முக்கியத்துவம் கருதித்தான் 2018 இல் கொழும்புக்கு ராம்சர் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அப்படிப்பட்ட நிலத்தை மண் கொட்டி நிரப்பினால் அங்கே தங்கவேண்டிய நீர் அடுத்த ஒழுங்கைக்குப் போகும். எனவே காணி வாங்குவோர் அது இயற்கையான மேட்டு நிலமா, நிரப்பிய நிலமா, நிரப்புவதற்கு அனுமதி பெறப்பட்டதா என்று கேட்கவேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். எல்லாவற்றையும்விட, விற்பனையில் எந்த இலாபமும் இல்லாத பக்கத்து வீட்டாரைக் கேட்பது நல்லது. இன்னொன்று, மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்க்கவேண்டும்.

நீர் மட்டுமல்ல, அருகில் வேறென்ன இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மேடு ஒரே இரவில் வளர்ந்ததல்ல.

தம்பியின் பாடசாலை

என் தம்பிக்கு அப்போது மூன்றரை வயது. அரசாங்கப் பாடசாலையில் தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது அதிகமான இடங்கள், அதாவது பாதி, பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கே ஒதுக்கப்படுகின்றன. பழைய மாணவர்களின் பிள்ளைகள், ஏற்கெனவே படிக்கும் மாணவர்களின் சகோதரர்கள் போன்றோருக்கு மற்ற இடங்கள். அண்மையில் வசிக்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாது. கடந்த ஐந்து வருடங்களின் வாக்காளர் இடாப்புப் பதிவையும் வதிவிடத்தை நிரூபிக்கும் ஆவணங்களையும் பார்த்துப் புள்ளி போடுவார்கள். பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை வீட்டுக்கு இன்னும் அருகில் இருந்தால் புள்ளி குறையும்.

ஆகவே பிள்ளைக்கு நான்கு வயதானபின் பாடசாலைக்காக ஊர் மாறுவது பெரும்பாலும் பிந்திய முடிவு. பிள்ளை தவழும்போதே யோசிக்கவேண்டும். வாடகைக்குப் போகிறவர்களும் ஒப்பந்தத்தை முறையாகப் பதிந்து, போன கையோடு வாக்காளர் இடாப்பிலும் பெயர்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கல்வி அமைச்சு வெளியிடும் அந்தந்த வருடச் சுற்றுநிருபத்தையும் வாசிக்கவேண்டும். தமிழ்மொழி மூலம் படிக்கும் நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பல புறநகர்களில் வீட்டைச் சுற்றி நான்கு பாடசாலைகள் இருந்தாலும் நான்கும் சிங்கள மொழிமூலப் பாடசாலைகளாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீதியும் திங்கட்கிழமை வீதியும்

அடுத்து மாலபேயில் ஒரு வீடு. அது வாப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. மேட்டு நிலம், சுத்தமான உறுதி, சின்னத் தோட்டம். மாடியில் ஜன்னலோடு ஓர் அறையைக் காட்டி, "இது மகளுக்கு" என்றார். நான் அந்த ஜன்னலில் நின்று வெளியே பார்த்தேன். மேசையை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை காலை. வீதி வெறிச்சோடி இருந்தது. "இவ்வளவுதானே தூரம்" என்றார் வாப்பா. திரும்பி வந்த இரவு உம்மா சமையலறையில் மெதுவாகச் சொன்னார்: "அங்க போனா நீ பின்னேர கிளாஸ விடத்தான் வேணும் மகள். இருட்டுல ரெண்டு பஸ் மாறி வரேலாது."

நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு மாணவி. கணக்கீட்டுக்கு நான் போகும் மேலதிக வகுப்பு மாலை 6 மணிக்கு முடியும். அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. வகுப்பில் படித்ததுபோல ஒரு கணக்கு எழுதினேன். அப்பியாசக் கொப்பியில் எங்கள் ஐந்து பேருடைய பெயர்களையும் எழுதி, ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவருடைய நாளும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று குறித்தேன். அதற்காக ஒரு திங்கட்கிழமை விடுமுறை எடுத்து உம்மாவோடு மாலபேக்கு பஸ்ஸில் போய் வந்தேன்.

மாலபேயில் வாப்பாவின் நாள் ஒன்றரை மணித்தியாலம்தான் நீண்டது. அவரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. புறக்கோட்டைக் கடைக்கு நேரே போய்விடுவார். உம்மும்மா மாதாந்தக் கிளினிக்குக்குப் போகும் நாளில் உம்மா சுபஹுக்கு முன்பே புறப்படவேண்டும். நானோ 177 இல் ஏறிக் கொள்ளுப்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து காலி வீதி பஸ்ஸுக்கு மாறவேண்டும். வகுப்பு நாளில் வீடு சேர இரவு எட்டேகால் ஆகும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் தெருவிளக்குகள் இரண்டுதான். மாபோளையும் நன்றாக இருந்தது. சொந்தக்காரர்களும் அங்கே உண்டு. ஆனால் காலையில் பாலத்தையும் புறக்கோட்டையையும் தாண்டித்தான் நான் வரவேண்டும்.

கொப்பியை வாப்பாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "இத நான் பைக்ல போய்ப் பார்த்தது பிழைதான்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவரும் என்னோடு பஸ்ஸில் மாலபேக்கு வந்தார். ராஜகிரியவில் பஸ் நகராமல் நின்றபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

பத்திரமும் அயலும்

காணி வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றில் வாப்பா எனக்குச் சொல்லித் தந்தவை சில. ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 160 பேர்ச் ஓர் ஏக்கர். விலையைப் பேர்ச்சில் சொல்வார்கள், ஆனால் அளவைப் படத்தில் உள்ள அளவுதான் செல்லும். உறுதியை நம்பகமான ஒரு நொத்தாரிசிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் பழைய உரித்துகளைத் தேடிப்பார்க்கச் சொல்லவேண்டும். வீதி அகலிப்புக்குள் காணி அகப்படுகிறதா என்பதை உள்ளூராட்சி சபை தரும் வீதிக்கோட்டுச் சான்றிதழில் பார்க்கலாம். இவை முடியும்வரை முற்பணம் கொடுக்க அவசரப்படக் கூடாது.

வீட்டுக்கு முன் அயலவரைத் தேடு என்று அரபியில் ஒரு முதுமொழி உண்டு. நம்மவர் இதை, நம்மவர்கள் நிறைய இருக்கும் ஊரைத் தேடு என்று விளங்கிக்கொள்கிறார்கள். பள்ளிவாசலும் ஹலால் கடையும் மத்ரஸாவும் அருகில் இருப்பது பெரிய ஆறுதல்தான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் எங்களுக்கு உண்மையைச் சொன்னவர்களில் வெல்லம்பிட்டி மாமியும் இருந்தார், மாலபேயில் "இரவில் மகளைத் தனியே இந்த ஒழுங்கையால் அனுப்பாதீர்கள்" என்று உம்மாவிடம் சிங்களத்தில் சொன்ன ஒரு வயதான பெண்மணியும் இருந்தார். நல்ல அயல் என்பது, கேட்காமலே இப்படிச் சொல்கிறவர்கள் இருக்கும் இடம்.

எங்கள் முடிவு

கடைசியில் நாங்கள் காணி வாங்கவில்லை. களுபோவிலையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தோம். கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை அருகில் இருப்பதால் உம்மும்மாவின் கிளினிக்கை அங்கே மாற்றிக்கொண்டோம். மழைக்கு ஒழுங்கையில் கொஞ்சம் நீர் நின்று வடியும், ஆறு வராது. தெஹிவளைச் சந்திக்கு வந்தால் எனக்கு ஒரே பஸ். வகுப்பு முடிந்து ஏழு மணிக்கு முன் வீட்டில் இருப்பேன்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. வாப்பாவின் சொந்தக் காணி இன்னும் சில வருடங்கள் தள்ளிப்போய்விட்டது. இந்த வீட்டிலும் அறைகள் இரண்டுதான். எல்லோரும் தூங்கிய பின் ஹோலில் சாப்பாட்டு மேசையில் இருந்து படிக்கிறேன். இந்தக் கட்டுரையையும் அங்கேதான் எழுதுகிறேன். மாலபே ஜன்னல் சில வேளைகளில் நினைவுக்கு வரும். அந்த அறைக்குள் நுழைய இரவு எட்டேகால் ஆகியிருக்கும் என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீடு பார்க்கப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் போகும் பஸ்ஸில், அவர்கள் போகும் நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வாகனம் வைத்திருப்பவருக்கு எந்த ஊரும் கிட்டத்தான் இருக்கும். தோழிகளே, உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது என்னைப்போல முதலில் வாய்மூடி இருக்காதீர்கள். கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு கொப்பியை எடுத்து, வீட்டில் உள்ள எல்லோருடைய நாளையும் எழுதிக் காட்டுங்கள். என் வாப்பா வாசித்தார். உங்கள் வாப்பாவும் வாசிப்பார்.