கணனி நம் சொல் கேட்கட்டும்

அரிப்புக் கடற்கரையில் கடல் அரித்துக்கொண்டிருக்கும் ஒரு பாழடைந்த மாளிகை நிற்கிறது. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அது. ஆனால் ஊர்மக்கள் அதை அல்லிராணிக் கோட்டை என்றே அழைப்பர். ஆளுநரின் பெயர் மறைந்து, தனித்து நின்று ஆண்டதாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணின் பெயர் நிலைத்துவிட்டது.

இந்தக் கரையோரப் பெண்கள் பலரும் அப்படித் தனித்து நின்று குடும்பத்தை ஆள வேண்டியவர்களே. 2007இல் முசலிப் பகுதியை விட்டு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கணவனையோ பிள்ளையையோ இழந்த நிலையிலும் வீட்டை நிமிர்த்தியவர்கள் இவர்கள். இவர்களுடைய நாட்களில் ஒரு பெரும் பகுதி படிவங்களோடும் கடிதங்களோடும் கழிகிறது. பிரதேச செயலகம், கிராம அலுவலர், வங்கி, பாடசாலை என்று எங்கு போனாலும் ஒரு கடிதம் தேவை. அந்தக் கடிதத்தை இன்று கணனியில்தான் அடிக்கிறார்கள்.

சங்கத்துக்கோ வீட்டுக்கோ ஒரு மேசைக்கணனி வந்து சேர்ந்தால், நாம் அதை வந்தபடியே பாவிக்கிறோம். அது ஆங்கிலத்தில் பேசுகிறது. அமெரிக்க முறையில் திகதி எழுதுகிறது. இரு கையும் நல்ல பார்வையும் உள்ளவருக்காகவே காத்திருக்கிறது. ஆனால் கணனியை இயக்கும் பணிசெயல் முறைமையில் இவை எல்லாவற்றையும் மாற்றலாம். இதற்குப் பணம் தேவையில்லை. விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணனியில் தொடக்கப் பொத்தானை அழுத்தி, பற்சக்கரம் போன்ற சின்னத்தைத் தெரிவு செய்தால் அமைப்புகள் பகுதி திறக்கும். வேண்டியவை அங்கேயே இருக்கின்றன.

தமிழ் தமிழாக இருக்கட்டும்

முதலில் எழுத்து. நம்மவர் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளிந்திருக்கின்றன. 'அம்மா' என்று நாம் அடிக்கும்போது, கணனி உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிகிறது. பாமினி இல்லாத இன்னொரு கணனியில் அந்தக் கடிதத்தைத் திறந்தால், அம்மா காணாமற்போய் ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயர் இப்படிச் சிதைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கோப்பில் அவன் பெயரைத் தேடினால் கிடைக்காது.

யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான இலக்கம் உண்டு. எந்தக் கணனியிலும் கைத்தொலைபேசியிலும் அது தமிழாகவே தெரியும். அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குப் போய், மொழி சேர்க்கும் இடத்தில் தமிழைத் தெரிவு செய்யுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். திரையில் வரும் கட்டளைகளும் தமிழில் வேண்டுமானால், தமிழ் (இந்தியா) என்பதைத் தெரிந்து அதன் மொழிப் பொதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

விசைப்பலகை பற்றிப் பயம் வேண்டாம். இலங்கையில் தரப்படுத்தப்பட்டது ரங்கநாதன் விசைப்பலகை. அதைத் தனியாக நிறுவ வேண்டும். பாமினி பழகிய விரல்களுக்கு இ-கலப்பை என்ற இலவச மென்பொருள் உதவும். பழைய விசைகளையே தட்டினால் யூனிகோட் தமிழ் வரும். பழைய பாமினிக் கடிதங்களை யூனிகோடாக மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகளும் உண்டு. சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் இவற்றுள் பெயர் பெற்றது. மாற்றிய பின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபாருங்கள்.

திகதியும் நேரமும்

05/04/2009 என்ற திகதியைப் பாருங்கள். நமக்கு அது ஏப்ரல் 5. அமெரிக்க முறையில் அமைந்த கணனிக்கு அது மே 4. 2009இல் அந்த ஒரு மாதத்துக்குள் எத்தனை இடப்பெயர்வு, எத்தனை இழப்பு என்பது நமக்குத் தெரியும். உறவினரை எங்கே, எப்போது கடைசியாகக் கண்டீர்கள் என்று கேட்கும் படிவத்தில் இந்தப் பிழை நுழைந்தால், சாட்சியமே ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். ஆகவே நேரமும் மொழியும் பகுதியில் வட்டாரம் என்பதை இலங்கைக்கு மாற்றுங்கள். அதற்கு மேலும், கடிதத்தில் மாதத்தை இலக்கமாக எழுதாமல் 2009 ஏப்ரல் 5 என்று சொல்லாக எழுதுவது பாதுகாப்பு.

நேர வலயத்தையும் பாருங்கள். 1996இல் இலங்கை நேரம் முன்னே தள்ளப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமும் மற்றப் பகுதிகளில் புதிய நேரமும் இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாளைய மென்பொருள் உள்ள கணனி இன்னும் அரை மணி பிழையாகக் காட்டலாம். ஐந்தரை மணி, ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற வலயமே சரி.

ஒரு கை போதும்

ஷெல்லிலும் மிதிவெடியிலும் கையை இழந்த சகோதரிகள் கணனி தமக்கில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. பெரிய எழுத்துக்கும் வேறு பல வேலைகளுக்கும் இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்த வேண்டும் என்பதே அவர்களின் தடை. ஷிப்ட் விசையை ஐந்து தரம் தொடர்ந்து அழுத்துங்கள். திரையில் ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொல்லுங்கள். இனி ஷிப்டை அழுத்திக் கையை எடுத்து, பிறகு மற்ற விசையை அழுத்தினாலே போதும். இந்த வசதி 1995ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸிலேயே இருந்தது. நமக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

வலக்கை இல்லாதவர் மவுஸின் இடம், வலம் பொத்தான்களை அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். மவுஸே பிடிக்க முடியாதவர் விசைப்பலகையின் வலப்புற எண் விசைகளால் அம்புக்குறியை நகர்த்தலாம். இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம் லொக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது தொடங்கும். முதல் தடவை இன்னொருவர் உதவட்டும். கை நடுங்குபவர் தட்டும்போது ஒரே எழுத்து பலமுறை விழுவதைத் தடுக்கவும் வழி உண்டு. அது அணுகல் வசதிகள் பகுதியில் உள்ளது.

பார்வை மங்கியவர்கள் திரை என்ற பகுதியில் அளவை 125 அல்லது 150 வீதமாக உயர்த்துங்கள். விண்டோஸ் விசையோடு கூட்டல் விசையை அழுத்தினால் உருப்பெருக்கி வரும். எஸ்கேப் விசையோடு அழுத்தினால் போய்விடும். முற்றாகப் பார்வை இழந்தவர்களுக்கு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. பார்வையற்ற இரு அவுஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் தொடங்கிய முயற்சி அது. தமிழையும் அது வாசிக்கும்.

பொதுக் கணனி, தனிப் பூட்டு

மாதர் சங்கக் கணனியைப் பத்துப் பேர் பாவிப்பார்கள். ஆனால் ஒருவரின் முறைப்பாட்டை மற்றவர் படிக்கக் கூடாது. காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதிய கடிதமோ, வீட்டு வன்முறை பற்றிய முறைப்பாடோ பிறர் கண்ணில் பட்டால் அதனால் வரும் துன்பம் பெரிது. எனவே கணக்குகள் என்ற பகுதியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் திறந்து கடவுச்சொல் வையுங்கள். நிர்வாகிக் கணக்குக்கு எல்லாக் கோப்புகளையும் திறக்க முடியும் என்பதால், அது நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் நல்ல கடவுச்சொல் அல்ல, ஊரே அறியும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் எழுத்தை அழுத்துங்கள், திரை பூட்டிக்கொள்ளும்.

ஒன்றை மனதில் வையுங்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்துவிட்டது. கணனி 11ஐ ஏற்காத பழையதாயின், உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் முறைமையைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு போடுவிக்கலாம். அதிலும் தமிழ் உண்டு.

சகோதரிகளே, இவற்றை எல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்று தமிழ் விசைப்பலகை, நாளை திகதி, அடுத்த கிழமை கடவுச்சொல் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். செய்ததை ஒரு கொப்பியில் எழுதிக் கணனிக்குப் பக்கத்தில் வையுங்கள்; கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுங்கள். நம் பெயரையும் நம்மவர் பெயரையும் பிழையின்றி நாமே எழுதும் நாள், அடுத்தவர் கதவில் காத்து நிற்கும் நாட்களைக் குறைக்கும்.