அம்மியும் பின்சில்லும்: மழை வீதியில் வாகனம் எப்படி வழுக்குகிறது?

திருகோணமலையில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டின் மிகக் கெட்ட மழை ஒக்டோபரில் வருகிறது. கச்சான் காற்று ஓய்ந்த பிறகு, ஒரு பின்னேரம் இடி முழங்கி, பத்து நிமிடம் தூறிவிட்டுப் போகும் முதல் மழை அது. மார்கழி அடைமழைக்கு எல்லாரும் வேகத்தைக் குறைக்கிறார்கள். இந்தத் தூறலை யாரும் பொருட்படுத்துவதில்லை. கண்டி வீதியால் சீனக்குடாப் பக்கம் போகிற ஓட்டோவும் வானும் பவுசரும் வெயிலில் போன அதே வேகத்திலேயே போகின்றன. வீதி நனைந்தும் நனையாமலும் மினுங்குகிறது. வளைவில் பின்சில்லு பக்கவாட்டாக அடிக்க, வண்டி வந்த திசையையே பார்த்துத் திரும்பி நிற்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள நம் வீட்டு அம்மியே போதும். வீதியை அம்மி என்றும், டயரைக் குழவி என்றும், நடுவில் கிடக்கும் அழுக்கையும் நீரையும் அரைபடும் கூட்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மியின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். அதில் இரண்டு வகைச் சொரசொரப்பு உண்டு. உளி பொளிந்த குழிகள் கண்ணுக்கே தெரியும். குழிகளுக்கு இடையே உள்ள கல்லில் இன்னொரு சொரசொரப்பு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத் தெரியும். குழிகள் தண்ணீர் ஒதுங்க இடம் கொடுக்கின்றன. மிளகாயைக் கடித்துப் பிடிப்பது நுண்ணிய சொரசொரப்பு. தார் வீதியிலும் இதே ஏற்பாடுதான். சல்லிக்கற்களுக்கு இடையேயுள்ள பள்ளங்கள் நீரை உள்வாங்கும். ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பிலும் உள்ள நுண்ணிய கூர்கள் கடைசியாக மிஞ்சும் மெல்லிய நீர்ப்படலத்தைக் குத்திக் கிழித்து டயரைத் தொடும். மெதுவாகப் போகும்போது பிடிமானம் பெரும்பாலும் இந்த நுண்ணிய கூர்களைப் பொறுத்தது. வேகம் கூடக் கூட, நீர் ஒதுங்குவதற்கு நேரம் குறைகிறது. அப்போது பள்ளங்களும் டயரின் வெட்டுகளும் முக்கியமாகிவிடுகின்றன.

அரைத்து அரைத்து அம்மி நடுவில் மழமழவென்று ஆகும். அப்போது பொளிபவரைக் கூப்பிட்டுப் பொளிவித்தோம். வீதியும் அப்படித் தேய்கிறது, அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்ல. சில்லுகள் ஓடும் இரு தடங்களும் முதலில் மழுங்கும். டயர் இழுபட்டுத் திரும்பும் வளைவுகளும், பிரேக் பிடிக்கும் சந்திகளும் இன்னும் வேகமாக மழுங்கும். பிடிமானம் அதிகம் தேவைப்படும் இடங்களில்தான் அது குறைவாக இருக்கிறது. ஓட்டத்துக்குச் சுகமான காபட் வீதிகள் வந்தபின் இதை மறப்பது இலகுவாகிவிட்டது. குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் வீதியே வேகத்தைக் கட்டுப்படுத்தியது.

இனி அந்த முதல் மழைக்கு வருவோம். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே மழை அருமை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் பெய்தாலும் அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் விழுகிறது. ஐந்து மாத வெயிலில் வீதியில் என்னென்ன சேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: டயர் தேய்ந்த தூள், எஞ்சினிலிருந்து சொட்டிய எண்ணெய், பவுசரும் லொறியும் சிந்திய டீசல், நிலாவெளிப் பக்கம் காற்று அள்ளிக் கொண்டுவந்த மணல், மீன் லொறிகளிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரும் செதிலும். எல்லாம் காய்ந்து படிந்து கிடக்கின்றன. பிரித்தானியர் 1930களில் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்கள் இருக்கும் ஊர் இது. எரிபொருள் வண்டிகள் ஓடும் வீதியில் டீசல் படிவது புதினமில்லை. பெற்றோலைப் போல அது சட்டென்று ஆவியாகிப் போவதுமில்லை.

அம்மியில் காய்ந்த மிளகாயையும் மல்லியையும் தூளாக்கும்போது குழவி கரகரவென்று பிடித்து நகரும். அதில் கையால் நாலு துளி தண்ணீர் தெளியுங்கள். தூள் களியாகும், குழவி வழுக்கத் தொடங்கும். ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினால் களி கழுவுண்டு ஓட, கல் மறுபடி கைக்குத் தட்டுப்படும். முதல் தூறல் அந்த நாலு துளி. அழுக்கைக் கழுவுவதற்கு அது போதாது. குழைப்பதற்கு மட்டும் போதும். அரை மணி நேரம் ஊற்றிப் பெய்த பிறகு வீதியின் பிடிமானம் ஓரளவு திரும்பும், ஆனாலும் காய்ந்த வீதிக்கு ஈடாகாது.

இதைக் கணக்கிலும் பார்க்கலாம். காய்ந்த தாரில் உராய்வுக் குணகம் சுமார் 0.7 என்று கொள்ளலாம். நனைந்த தாரில் அது 0.4 அளவில் நிற்கும். களி படிந்த மழுங்கிய தாரில் 0.25க்கும் இறங்கலாம். 50 மீற்றர் ஆரமுள்ள ஒரு சமதள வளைவை எடுத்துக்கொண்டால், காய்ந்த நாளில் மணிக்கு 66 கிலோமீற்றர் வரை வண்டி தாங்கும். நனைந்தால் 50. களி படிந்தால் 40. நேற்று 55இல் நிம்மதியாகத் திரும்பிய அதே வளைவு இன்று அதே 55ஐத் தாங்காது. சாரதி செய்த பிழை ஒன்றுமில்லை, நேற்றுச் செய்ததையே இன்றும் செய்தார் என்பதைத் தவிர.

பின்சில்லு ஏன் குறிப்பாக அடிக்கிறது? இதற்கும் குழவியிடம் விடை இருக்கிறது. அரைக்கிறவர் குழவியை இரு கையாலும் முன்னே தள்ளுகிறார். கூட்டு பிடிப்பாக இருக்கும்வரை குழவி நேராகப் போகும். கூட்டு வழுக்கலாகிவிட்ட நேரத்தில் ஓங்கித் தள்ளினால் குழவி சறுக்கும். சறுக்கும் அந்தக் கணத்தில் ஒரு கை சற்றுக் கூடுதலாக அழுத்தினாலும் குழவியின் ஒரு முனை விலகிச் சுற்றிவிடும். உராய்வு எப்போதும் சறுக்கும் திசைக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. முன்னோக்கிச் சறுக்கத் தொடங்கிய பொருளுக்குப் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க ஏறக்குறைய ஒன்றும் மிச்சமிருக்காது. சறுக்குகிற குழவியைப் பக்கத்திலிருந்து ஒரு விரலால் தள்ளிவிடலாம்.

டயருக்கும் இதே விதி. டயரிடம் இருக்கும் பிடிமானம் ஒன்றுதான். முன்னே தள்ளுவதற்கும், பிரேக் பிடிப்பதற்கும், வளைவில் பக்கவாட்டில் தாங்குவதற்கும் அந்த ஒன்றிலிருந்தே எடுக்க வேண்டும். பின்சில்லால் இயங்கும் வண்டியில் எஞ்சினின் தள்ளல் முழுவதும் பின் டயர்களுக்குப் போகிறது. வளைவில் அவை ஏற்கெனவே பக்கவாட்டுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் அக்சிலேற்றரை அழுத்தினால் சில்லு தரையை மீறிச் சுழல்கிறது. சுழன்ற மறுகணம் பக்கவாட்டுப் பிடிமானமும் போய்விடுகிறது. முன்சில்லுகளோ திருப்பிய பக்கம் சரியாகவே போகின்றன. முன்பாகம் வளைவுக்குள் போக, பின்பாகம் வெளியே போக, வண்டி சுழல்கிறது.

முன்சில்லால் இயங்கும் காரில் அப்படி அழுத்தினால் வழுக்குவது முன்பக்கம். வண்டி வளைய மறுத்து நேராக இழுத்துக்கொண்டு போகும். பயம் அதே அளவுதான், திருத்தம் இலகு. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்கு வந்து முன்சில்லு மறுபடி பிடிக்கும். இன்று நம் வீதிகளில் ஓடும் சிறிய கார்கள் அநேகமாக முன்சில்லு இயக்கம்தான். ஆனால் உழைக்கிற வாகனங்களைப் பாருங்கள்: ஓட்டோ, ஹைஏஸ் வான், டிமோ பட்டா, பஸ், லொறி, பவுசர் எல்லாம் பின்சில்லு இயக்கம். பழைய மொறிஸ் மைனரும் அப்படியே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இவையெல்லாம் இன்னும் முதுமையடைந்தன. வண்டி சறுக்குவதை உணர்ந்து தானே பிரேக்கைப் பிடித்து எஞ்சினையும் அடக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இவற்றில் பெரும்பாலானவற்றில் இல்லை. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமான ஏற்பாடு அது. பிள்ளைகளை ஏற்றிப் போகும் பாடசாலை வான்கள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதை நினைக்கும்போது, இதை ஒவ்வொரு சாரதியிடமும் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்ல வேண்டும் என்றே தோன்றுகிறது.

பாரத்தின் கதையும் உண்டு. அரைக்கும்போது உள்ளங்கையின் அழுத்தம் குறைந்தால் குழவி கூட்டின் மேலே ஓடிவிடும். உவர்மலை ஏற்றத்தில் ஆட்கள் நிறைந்த ஓட்டோ சிரமமில்லாமல் ஏறுவது, பாரம் பின்னே சாய்ந்து இயங்கும் சில்லுகளை அழுத்துவதால். அதே பாரம் இறக்கத்தில் முன்னே போய்விடும். கோணேசர் கோயிலிலிருந்து பிரெட்றிக் கோட்டைக்குள்ளால் இறங்கும்போது பின்பக்கம் இலேசாகிறது. வழியில் மான் ஒன்று குறுக்கே வந்தால், அங்கே அது அன்றாடம் நடப்பதே, சாரதி பிரேக்கை மிதிப்பார். பின்பக்கம் மேலும் இலேசாகும். தம்புள்ளையிலிருந்து மரக்கறியோடு வந்து, இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் பட்டாவின் பின்சில்லு மீது பாரமே இல்லை. வரும்போது பிடித்த வளைவு, போகும்போது பிடிக்காது. வெறும் வானின் பின்பகுதியில், இயங்கும் சில்லுகளுக்கு மேலே ஒரு மணல் மூட்டையை அசையாமல் கட்டி வைக்கும் பழைய சாரதிகள் இதை நன்றாகத் தெரிந்தவர்கள்.

பின்பக்கம் அடிக்கத் தொடங்கிவிட்டால்? மனித இயல்பு காலைச் சட்டென்று எடுக்கச் சொல்லும், அல்லது பிரேக்கை மிதிக்கச் சொல்லும். இரண்டும் பாரத்தை முன்னே தூக்கி வீசிப் பின்சில்லை இன்னும் வெறுமையாக்கும். கியரைத் திடீரென்று இறக்குவதும் அதே. எஞ்சினின் தடை முழுவதும் பின்சில்லில்தான் விழும். குழவி சறுக்கும்போது கைதேர்ந்தவர் அதை வெடுக்கென்று இழுப்பதில்லை. தள்ளலை மட்டும் தளர்த்தி, கையின் பாரத்தை எடுக்காமல் வைத்திருப்பார். அக்சிலேற்றரையும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பின்பாகம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பார்வை போக வேண்டிய வீதியில் இருக்க வேண்டும். பின்சில்லு மறுபடி பிடித்த உடனே ஸ்டியரிங்கை நேராக்கவும் வேண்டும். இதில் பிந்தினால் வண்டி எதிர்ப்பக்கம் முதலைவிட மோசமாக அடிக்கும்.

ஓட்டோவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்னே ஒற்றைச் சில்லு, ஒடுங்கிய உடல். பக்கவாட்டாகச் சறுக்கி வந்து, வீதியோரக் கிறவலிலோ காய்ந்த தாரிலோ சில்லு திடீரென்று பிடித்தால் அது குடைசாயும். சறுக்கலைவிடச் சறுக்கல் நின்ற விதம்தான் அங்கே ஆளைக் காயப்படுத்துகிறது. ஆகவே ஓட்டோவில் வேலை முழுவதும் வளைவுக்கு முன்பே முடிய வேண்டும்: நேரான வீதியிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் சமமான காலோடு நுழைய வேண்டும். கிண்ணியாப் பாலம் போன்ற நீண்ட பாலங்களின் இரும்பு இணைப்புகளைத் தாண்டும்போதும் அப்படியே. நனைந்த இரும்பில் கடிக்க ஒன்றுமில்லை.

அம்மி உதவாத இடம் ஒன்று இருக்கிறது. கல்லுக் குழவி தண்ணீரில் மிதக்காது. காற்றடைத்த டயர் மிதக்கும். 165 மில்லிமீற்றர் அகலமான டயர் மூன்று மில்லிமீற்றர் நீரில் மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடினால், ஒவ்வொரு விநாடியும் எட்டு லீற்றர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ள முடியாத நீர் டயருக்கு அடியில் ஆப்பாக நுழைந்து அதைத் தூக்கிவிடும். 1960களில் நாசாவில் வால்டர் ஹோர்ன் என்பவர் விமானச் சில்லுகளை வைத்து இதை ஆராய்ந்தார். டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், டயர் முழுதாக மிதக்கும் வேகம் நொட் கணக்கில் கிடைக்கும் என்று கண்டார். சீனக்குடா ஓடுபாதையில் ஓடும் விமானத்துக்கும் கந்தளாய் வீதியில் ஓடும் வானுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். 32 பி.எஸ்.ஐ காற்று இருந்தால் மணிக்கு ஏறக்குறைய 94 கிலோமீற்றர். காற்று 24க்கு இறங்கியிருந்தால் 82இலேயே மிதந்துவிடும். தேங்கிய நீரும் தேய்ந்த டயரும் சேரும்போது உள்ள கணக்கு இது. ஆழமான வெட்டுகள் இருந்தால் நீர் ஒதுங்க வழி உண்டு. அரைகுறையாகத் தூக்குவது இதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.

மாரி தொடங்குமுன் காற்றைச் சரிபார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. டயர் வெட்டுகளின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மேடுவரை தேய்ந்திருந்தால் மிச்சமுள்ள ஆழம் 1.6 மில்லிமீற்றர்தான். புதுக் கார் டயரில் அது எட்டு மில்லிமீற்றர் அளவில் இருக்கும். நாலு டயரையும் ஒன்றாக மாற்றக் காசு இருப்பவர் குறைவு. இரண்டை மாற்றும்போது டயர் கடையில் கேட்காமலே புதியதை முன்னுக்குப் போட்டுவிடுவார்கள், ஸ்டியரிங் முன்சில்லில் இருக்கிறதே என்று. கார், வான் எதுவானாலும் புதியதைப் பின்னுக்குப் போடச் சொல்லுங்கள். முன்சில்லு வழுக்கினால் ஸ்டியரிங் இலேசாகி, சாரதிக்கு அது கையிலேயே தெரியும். காலைத் தளர்த்த ஒரு கணமாவது கிடைக்கும். பின்சில்லு வழுக்குவது தெரிய வரும்போது வண்டி ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருக்கும்.