‘இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?’ (தொடர் – 6)

2018 செப்டம்பரில், புனேயின் ஹிஞ்சேவாடி ஐ.டி. பூங்காவுக்கு அருகே காசார்சாயி கிராமத்தில், கரும்பு வெட்டும் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமிகள் இருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஒருத்தி இறந்துபோனாள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ‘உண்மையாகத்தான் இருக்குமா’ என்று கேட்க நம்மில் யாருக்கும் மனம் வராது. 2021 மே மாதம் சென்னை கே.கே. நகர் பத்ம சேஷாத்ரி பள்ளியின் முன்னாள் மாணவியர் ஓர் ஆசிரியரின் நடத்தையை வெளியே சொன்னபோது நடந்தது வேறு. அவர் சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் கைதான பிறகும், பள்ளியின் பெயரைக் கெடுக்கச் சதி என்றார்கள். ஒரு சாதியைக் குறிவைக்கிறார்கள் என்றார்கள். படிக்கும்போதே ஏன் வாய் திறக்கவில்லை என்றார்கள். இரண்டிலும் நமக்குக் கிடைத்தது பத்திரிகைச் செய்தி மட்டுமே. சாட்சியத்தை எடைபோட்டு யாரும் நம்பவுமில்லை, சந்தேகப்படவுமில்லை. கரும்பு வெட்டுகிறவர்களின் குடிசைகளில் நமக்குத் தெரிந்தவர் யாருமில்லை, பள்ளியோ நம்முடையது. குற்றம் சாட்டப்பட்டவர் நம் வட்டத்துக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவு சந்தேகம் சொன்னவர்மேல் விழுகிறது.

கொடுமை என்னவென்றால், குற்றம் பெருமளவில் நடப்பதே அந்த வட்டத்துக்குள்தான். மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதம் பேர் ஏதாவதொரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய பெரியவர்களே அந்த ஆளை மரியாதையாக உட்காரவைத்துச் சோறு போடுகிறபோது குழந்தை யாரிடம் போகும்? வளர்ந்து, சம்பாதித்து, அந்த வீட்டின் தயவு தேவைப்படாத நாளில்தான் பேச முடிகிறது. தாமதத்தைப் பொய்க்கு அடையாளமாக எடுத்துக்கொள்வது, வாயைப் பொத்தியவர்களே ‘ஏன் கத்தவில்லை’ என்று கேட்பது போன்றது. சென்னையில் சிறுவயதில் தனக்கு நடந்ததைப் பல பத்தாண்டுகள் கழித்துப் புகார் செய்ய முயன்ற, கனடாவில் வாழும் ஒரு விஞ்ஞானி மனு கொடுத்ததை அடுத்து, போக்சோ புகாருக்குக் காலவரம்பு இல்லை என்று 2018 அக்டோபரில் சட்ட அமைச்சகம் தெளிவுபடுத்தியது. சட்டம் புரிந்துகொண்டது, நாம்தான் இன்னும் வருஷக் கணக்குக் கேட்கிறோம்.

பொய்ப் புகாரால் ஒருவர் வாழ்க்கை நாசமாகாதா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. போக்சோவின் 29ஆம் பிரிவு குற்றம் நடந்ததாகவே அனுமானிக்கச் சொல்வதால் அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அரசுத் தரப்பு அடிப்படை உண்மைகளை நிறுவிய பிறகே அந்த அனுமானம் எழும். கெட்ட நோக்கத்தோடு பொய்ப் புகார் தரும் பெரியவருக்கு 22ஆம் பிரிவில் தண்டனையும் உண்டு. சொன்னவரை நம்புவது என்றால் தீர்ப்பு எழுதுவதல்ல, புகாரைப் பதிந்து விசாரிக்க விடுவது. நிரபராதிக்கும் அதுவே பாதுகாப்பு. மும்பையை அடுத்த பத்லாபூரில் 2024 ஆகஸ்டில், மழலையர் வகுப்புக் குழந்தைகள் இருவரின் பெற்றோர் புகாரைப் பதிய மணிக்கணக்கில் காவல் நிலையத்தில் காத்துக்கிடந்தார்கள். சில நாளில் கூட்டம் ரயிலை மறித்து, பிடிபட்டவரைத் தூக்கில் போடச் சொன்னது. செப்டம்பர் 23 அன்று அவர் போலீஸ் வேனுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகள் சொன்னதை அவர் முன்னிலையில் விசாரித்து எந்த நீதிமன்றமும் இனித் தீர்ப்புச் சொல்ல முடியாது.