ஆறே கட்டளைகள்

கணினித் துறை இதழான 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்'மில் பத்தி எழுதிவந்த ஜான் பென்ட்லி, 1986-ல் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத்துக்கு ஒரு வேலை கொடுத்தார். ஓர் உரையில் அடிக்கடி வரும் சொற்களை எண்ணி, அதிகம் வருவதை முதலில் வைத்துப் பட்டியலிட வேண்டும். க்னூத் பல பக்கங்களுக்கு நிரல் எழுதினார். அதை மதிப்பிட்ட பெல் ஆய்வகத்து டக் மெக்கில்ராய், பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை முடிக்கும் ஆறு யூனிக்ஸ் இயங்குதளக் கட்டளைகளை எழுதிக் காட்டினார். க்னூத் காட்ட நினைத்தது நிரலை எழுதும் புதிய முறையை. அந்த வகையில் இந்தப் போட்டி அவருக்குக் கொஞ்சம் அநியாயம்தான்.

ஆனாலும் அந்த ஆறும் அழகு. முதலில் 'டிஆர்', எழுத்தல்லாதவற்றை வரி முறிப்பாக மாற்றி, வரிக்கு ஒரு சொல்லாக உடைக்கும். இரண்டாவது 'டிஆர்' பெரிய எழுத்துகளைச் சிறியவையாக்கும். 'சார்ட்' அகர வரிசையில் அடுக்க, ஒரே சொற்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். 'யூனிக்' அவற்றை எண்ணி ஒரே வரியாக்கும். மறுபடி 'சார்ட்', இம்முறை எண்ணிக்கைப்படி. கேட்ட அளவு வரிகளைக் காட்டியதும் 'செட்' நிறுத்திவிடும். இவற்றில் ஒன்றுகூடச் சொல் எண்ணுவதற்கென்று பிறந்ததல்ல.

ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் செங்குத்துக் கோடுதான் 'பைப்'. தோட்டத்துக் குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்று மெக்கில்ராய் 1964-லேயே எழுதியிருந்தார். 1973-ல் அவருடைய சக ஊழியர் கென் தாம்சன் ஒரே இரவில் அதை யூனிக்ஸில் சேர்த்தார்.

இதற்கு மாறாக, சுட்டியால் இயக்கும் மென்பொருளில் வடிவமைத்தவர் யோசித்து வைத்த பொத்தான்கள் மட்டுமே உண்டு. அவர் யோசிக்காத வேலைக்கு அடுத்த பதிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எக்ஸெல் தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. 'சார்ட்' கட்டளையோ, நினைவகத்தில் அடங்காத கோப்பைத் துண்டு துண்டாக அடுக்கி வட்டில் வைத்து, பிறகு ஒன்றுசேர்த்துவிடும். போன மாதம் எந்த மெனுவில் எதை அழுத்தினோம் என்பதும் யாருக்கும் நினைவிருக்காது. கட்டளை எழுத்தாக இருப்பதால் சேமிக்கலாம், பக்கத்து மேசைக்காரருக்கு அனுப்பலாம், நள்ளிரவில் தானாக ஓடவிடலாம்.

புகைப்படத்தைத் திருத்துவது போன்ற, கண்ணால் பார்த்துச் செய்யும் வேலைக்குச் சுட்டியே சரி. கட்டளையில் ஆபத்தும் உண்டு: கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளையைத் தட்டினால் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும்.

மெக்கில்ராயின் வரிகளைத் தமிழ்க் கோப்பின் மீது அப்படியே ஓடவிட்டால் ஒரு சொல்கூட மிஞ்சாது. அவர் எழுத்தென்று குறித்தது ஆங்கில எழுத்துகளை மட்டும். லினக்ஸில் வழக்கமாக உள்ள 'டிஆர்' பைட் பைட்டாகப் பார்ப்பது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். எனவே இடைவெளியை மட்டும் வரி முறிப்பாக்கச் சொல்ல வேண்டும். தமிழில் பெரிய, சிறிய எழுத்து கிடையாது; இரண்டாவது கட்டளை தேவையில்லை. காலியான அந்த இடத்தில், சொல்லோடு ஒட்டிவரும் காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளைக் களைய இன்னொரு 'டிஆர்' செருகிக்கொள்ளலாம்.