காயா: கோயில் காட்டின் நீலப்பூ மரம்

திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோம். ஆனால் அந்தப் பூவை நேரில் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. பார்க்க விரும்புகிறவர்கள் பங்குனி, சித்திரை வாக்கில் புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போகலாம். அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டாம். பெரிய மரங்களின் நிழலில், இரண்டு மூன்று ஆள் உயரத்தில் நிற்பதுதான் காயா. காசான் என்றும் சொல்வார்கள்.

பூ இல்லாத காலத்தில் இலைதான் அடையாளம். எதிரெதிராக அமைந்த, தடித்த, பளபளப்பான இலை. நடுநரம்பு மட்டும் தெளிவாகத் தெரியும். பக்க நரம்புகள் இருக்குமிடமே தெரியாது. நாவல் கன்றோ என்று சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். நாவல் இனத்து இலை மணக்கும், காயா மணக்காது. அடுத்து, இலை உதிர்ந்த பழைய கிளைகளைத் தடவிப் பாருங்கள். கணுக்கள் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். ஆண்டுதோறும் அதே இடத்தில் பூத்துப் பூத்து வந்த புடைப்பு அது.

பூப்பதும் அந்த முண்டுகளில்தான். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத சிறு பூக்கள். நான்கு இதழ், எட்டு மகரந்தத் தாள். கொத்துக் கொத்தாக வெடித்து, கிளையையே நீலமும் ஊதாவுமாக மூடிவிடும். மயில் கழுத்தின் நிறத்தை இதற்கு உவமையாகச் சொன்ன சங்கப் புலவர்களின் கண் எவ்வளவு கூர்மையானது! பிறகு வரும் உருண்டைப் பழம் பழுத்ததும் கருநீலமாகும். அதன் உச்சியில் புல்லிவட்டம் சிறு கிண்ணம்போல ஒட்டியிருக்கும். துவர்ப்பும் இனிப்புமான அந்தப் பழத்தைக் கொண்டைக்குருவிகள் தின்று விதையைப் பரப்புகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இதன் உறவு மரங்கள் பல உண்டு. ஆனால் சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் காயாவுக்குத் தனி இடம். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் காடு அது. மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் பசுமை குன்றாது. அந்தக் காட்டில் பெரும்பகுதி அழிந்து, இன்று மிஞ்சியவை பெரும்பாலும் கோயில் காடுகள்தான்.

காயா மிக மெதுவாக வளரும். கட்டை இரும்பாக இறுகியிருக்கும். விறகுக்கு வெட்டினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெட்டு விழுந்துகொண்டே இருக்கும் இடங்களில் அது புதராகவே நின்றுவிடுவதால், பலர் இதைச் செடி என்றே நினைக்கிறார்கள். கோடரி படாத காயாவை, ஒற்றை அடிமரத்தோடு நிமிர்ந்த முழு மரமாகப் பார்க்க வேண்டுமானால் அய்யனாருக்கு அஞ்சி ஊரார் கைவைக்காத காட்டுக்குத்தான் போக வேண்டும்.