முகத்தை ஆளும் மூளை

புருவத்தை உயர்த்துகிறோம், புன்னகை செய்கிறோம், அழைத்தவரை நோக்கித் தலையைத் திருப்புகிறோம். இச்செயல்களுக்கெல்லாம் கட்டளை மூளையிலே பிறக்கிறது. வலக்கையை இடப்பக்க மூளையும், இடக்கையை வலப்பக்க மூளையும் ஆளுகின்றன என்பர். முகமும் கழுத்தும் இவ்விதிக்கு முற்றிலும் உட்பட்டவைதாமா? மண்டையோட்டைத் திறவாமலே இவ்வினாவை ஆராய வழி உண்டு.

மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டார். அவ்வுண்மையைத் துணைக்கொண்டு, 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவர்தம் கூட்டாளிகளும் மனித மூளையைக் காந்தத்தால் தூண்டிக் காட்டினர். தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, கணப்பொழுதினும் குறைந்த நேரம் வலிய மின்னோட்டத்தைச் செலுத்துவர். எழுகின்ற காந்தப்புலம் எலும்பை எளிதில் ஊடுருவி, மூளையின் மேற்புறணியில் மின்னோட்டத்தை எழுப்பும். உடனே உரிய தசை துடிக்கும். தோலில் ஒட்டிய மின்வாய்கள் அத்துடிப்பைப் பதிவு செய்யும்.

கைத்தசையில் இத்துடிப்பு ஏறத்தாழ 20 மில்லி விநாடியில் தோன்றும். முகத்திற்கு வழி குறுகியதாதலின், சுமார் 10 மில்லி விநாடி போதும். ஆயினும் இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. சுருள் முகத்திற்கு அண்மையில் இருப்பதால், காந்தம் முக நரம்பையே நேராகத் தூண்டிவிடக்கூடும். அவ்வாறு எழும் துடிப்பு சுமார் 5 மில்லி விநாடியிலேயே வந்துவிடும். அன்றியும், தோலில் படும் அதிர்ச்சியால் கண் தானாகவே இமைக்கலாம். ஆகவே, துடிப்பு வந்த நேரத்தை நுட்பமாக அளந்தே மூளையின் விடை எதுவெனப் பிரித்தறிகின்றனர்.

இவ்வாராய்ச்சியால் தெரிவது யாது? வாயோரத் தசைகளைப் பெரும்பாலும் எதிர்ப்புற மூளையே ஆளுகிறது. காதின் பின்னிருந்து மார்பெலும்புவரை இறங்கும் கழுத்துத் தசைக்கோ இருபுற மூளையிலிருந்தும் கட்டளை செல்லுகிறது. நெற்றியும் இருபுறத் துணை பெற்றது என்பதை மருத்துவர்கள் நோயாளிகளிடம் நெடுங்காலமாகக் கண்டுள்ளனர்.

இதன் பயன் பெரிது. வாய் ஒருபுறம் கோணியும் நெற்றி வழக்கம்போல் சுருங்குமாயின், பழுது மூளையில் இருக்கலாம். அப்பக்கத்து நெற்றியும் அசையாது, கண்ணும் மூடாதிருப்பின், முக நரம்பு பழுதுற்றிருக்கலாம். ஆனால் இதை வீட்டிலிருந்தபடி முடிவு செய்தல் ஆகாது. மூளையின் குருதிக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து, பொதுவாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். எனவே, எவருக்கேனும் வாய் திடீரெனக் கோணக் கண்டால், கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோணல் தொடங்கிய நேரத்தையும் மறவாது மருத்துவரிடம் சொல்லுங்கள்.