விண்டோஸ் மாறியதும் தமிழ் ஏன் உடைகிறது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை, பத்திரம் அடித்தும் கல்யாணப் பத்திரிகை போட்டும் நடக்கிற டிடிபி கடைகளுக்கு இது தலைவலி பிடித்த மாற்றம். விண்டோஸ் 11-க்குப் போனதும் பழைய மென்பொருள் ஒன்று திறக்க மறுக்கும். திறந்த கோப்பில் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். பிரின்டர் அசையாது. "எல்லாம் போச்சுண்ணே, ஃபார்மட் போட்டுடலாம்" என்று யாராவது சொல்லுவார்கள்.

அவசரம் வேண்டாம். இவை மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள்; மருந்தும் வெவ்வேறு.

மென்பொருளிடம் ஒரு பொய்

பழைய மென்பொருள் இயங்கத் தொடங்கும்போது இயங்குதளத்திடம் "நீ எந்தப் பதிப்பு?" என்று கேட்கும். தனக்குத் தெரியாத எண் பதிலாக வந்தால் நின்றுவிடும். அதன் ஐகான்மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் உள்ள கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் 'விண்டோஸ் 7' அல்லது 'எக்ஸ்பி' என்று தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கை நுழைக்கிறது. அந்த அடுக்கு மென்பொருளின் கேள்வியை இடைமறித்துப் பழைய எண்ணைச் சொல்லி அனுப்புகிறது. மென்பொருளும் நம்பி ஓடத் தொடங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள்ளேயே எழுதிவைக்கும். 2007-இல் வந்த விஸ்டா முதல் அதற்கு அனுமதி இல்லை. சி டிரைவில் தனிக் கோப்புறை தொடங்கி அதில் நிறுவினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

பொய் பலிக்காத இடமும் இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும், 16 பிட் ஓடாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு தனியாகக் கிடைத்தது. விண்டோஸ் 11-இல் அது கிடையாது. ஆகவே தொண்ணூறுகளின் தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் பல இங்கே முடங்கும். சிலவற்றில் மென்பொருள் 32 பிட்டாக இருந்தும், அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருந்து காரியத்தைக் கெடுக்கும். இவற்றுக்கு ஒரு வழி, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினிக்குள் பழைய விண்டோஸை நிறுவி, இணையம் கொடுக்காமல் ஓட்டுவது.

பிரின்டரிடம் பொய் செல்லாது

பிரின்டரின் டிரைவர் என்பது விண்டோஸே தனக்குள் ஏற்றி இயக்கும் நிரல். கம்பேட்டிபிலிட்டி அடுக்கு அங்கே எட்டாது. முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. பாதுகாப்பைத் தளர்த்தி அதை நுழைப்பதைவிட, கோப்பை பிடிஎஃப் ஆக்கி, இணையத்தில் சேராத பழைய கணினி ஒன்றிலிருந்து அச்சிடுவது மேல். கடை முழுவதும் தடுமாறினால், மாறிய பத்து நாட்களுக்குள் செட்டிங்ஸின் 'ரெக்கவரி' பகுதி வழியாகப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம்.

எழுத்துக்குள் இருக்கும் கோளாறு

மூன்றாவதுதான் ஆழமானது. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள அதிரணசண்ட குடைவரையில், ஒரே வடமொழிக் கல்வெட்டு கிரந்தத்திலும் நாகரியிலுமாக இரண்டு வரிவடிவங்களில் வெட்டப்பட்டிருக்கிறது. வாசகம் ஒன்றுதான், ஆனால் ஒரு வரிவடிவம் மட்டும் தெரிந்தவருக்கு மற்றது வெறும் கோடுகள். நம் பழைய தமிழ்க் கோப்புகளின் கதையும் இதுவே.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளை. ஆங்கில ஜே இருக்கவேண்டிய இடத்தில் 'த' வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவே. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஐந்து குறிகளும் தம் சொந்த ஆங்கில முகத்தைக் காட்டிவிடும். கோப்பு கெடவில்லை. எழுத்துருவை மறுபடி நிறுவினாலே தமிழ் திரும்பும்.

அது தற்காலிக வைத்தியம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் குறியீடுகளையும், 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. யூனிகோடில் 'த'வுக்கு என்று தனி எண் உண்டு. எந்த எழுத்துருவிலும் அது 'த'தான். எனவே பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதே நிலையான தீர்வு.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணில் படும் வரிசையில் கிடக்கும்; யூனிகோடிலோ மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. வெறும் 'ஃபைண்ட்-ரீப்ளேஸ்' போட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் வரிசையையும் சேர்த்துத் திருத்தும். கோப்பின் நடுவே ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சலோ இருந்தால் அதுவும் தமிழ்க் குப்பையாகிவிடும், எனவே அந்தப் பகுதிகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். கிரயப் பத்திரமாக இருந்தால் பெயர், சர்வே எண், நான்கு எல்லை ஆகியவற்றைப் பழைய அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டே தீரவேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2001-இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-க்கு யூனிகோடு தமிழ் தெரியாது. அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் நேரடியாகத் திறக்க முடிந்தது. பின்வந்த சிசி பதிப்புகள் அந்த வசதியைக் கைவிட்டன. ஆகவே வரிசை முக்கியம்: பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேஜ்மேக்கரிலிருந்து உரையை ஏற்றுமதி செய்து, யூனிகோடாக்கி, இன்டிசைனிலோ இலவசமான ஸ்கிரைபஸின் அண்மைப் பதிப்பிலோ பக்கம் அமைத்து, ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்துவைத்த பிறகே விண்டோஸை மாற்ற வேண்டும்.

மென்பொருளை ஏமாற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம், டிரைவருக்கு மாற்று தேடலாம். ஆனால் வாடிக்கையாளர் பத்து வருடம் கழித்து வந்து கேட்கப்போவது மென்பொருளை அல்ல, அவருடைய பத்திரத்தை. முதலில் காப்பாற்ற வேண்டியது அந்த உரையைத்தான்.